சனிக்கிழமை மதில்

அகோல்கோவால் வலது தோளைத் தூக்க முடியவில்லை. கழுத்தடியில் ஒரு ஆணி, இடுப்பில் ஒரு ஆணி, நடுவே நூல் கட்டி யாரோ சுண்டி இழுப்பது போல இருந்தது. விரல் இடுக்கெல்லாம் சிமெண்ட் தின்று வெடித்திருந்தது. பாயில் எந்தப் பக்கம் புரண்டாலும் அந்தப் பக்கம் வலித்தது. வெள்ளிக்கிழமை மனைவியிடம் முதுகுவலி என்று சொன்னது பொய். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் அந்தப் பொய் உண்மையாகி வந்து அவன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

குமாசி நகரத்தின் ஓரத்தில் இருக்கும் அசுவானோ எக்ஸ்டென்ஷனில் அன்றைக்கு அவனைத் தவிர ஆள் இல்லை. பெரியவர் அட்டாகோராவின் சாவுச் சடங்குக்கு எல்லோரும் கறுப்பும் சிவப்பும் உடுத்திக்கொண்டு, இரண்டு பஸ் பிடித்து, அவருடைய சொந்த ஊருக்குப் போயிருந்தார்கள். சமையலுக்கு என்று தெருவில் சோறு விற்கும் லமிசி வெள்ளிக்கிழமையே சட்டிகளோடு போய்விட்டாள். அகோல்கோவின் மனைவி அதிபோகாவும் போயிருந்தாள். வீடுகளில் கோழியும் ஆடும்தான் மிச்சம்.

பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பிறகு குரல்கள்.

"டிரைவரு, இது எங்க சந்து இல்லப்பா. இன்னும் கொஞ்சம் முன்னால போ."

"இதுதாம்மா. அந்தா டயர் கடை, இந்தா மாமரம்."

"டயர் கடை இருந்தா சந்தும் இருக்கணும்ல? எங்க சந்து?"

"நான் என்ன, உங்க சந்த மடிச்சு சட்டப் பையிலயா வச்சிருக்கேன்?"

ஒரு கூட்டமே சிரித்தது. குடித்த சிரிப்பும் அதில் இருந்தது. சடங்கு வீட்டிலிருந்து வருகிறவர்கள் அல்லவா. அடுத்த சந்து வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். டிரைவர் இறக்கிவிட்ட இடம் தப்பு என்று இரண்டு பெண்கள் சண்டை பிடித்தார்கள். அப்புறம் லமிசியின் குரல் தனியாகக் கேட்டது.

"இடம் தப்பில்ல. சந்து இதுதான். மதில் வந்திருக்கு. தொட்டுப் பாருங்க, கலவை இன்னும் ஈரமா இருக்கு."

அதற்குப் பிறகு சிரிப்பு இல்லை.

அகோல்கோ எழுந்து போனான். போகாமல் படுத்துக் கிடந்தால் சந்தேகம் வரும் என்று தோன்றியதால்தான் போனான். மதிலுக்கு உள்பக்கம் நின்றான். வெளிப்பக்கத்தில் அவனுடைய தெருவே நின்றது.

"உள்ள யாராச்சும் உசிரோட இருக்கீங்களா?" ப்ராக்யா ஆட்டோ ஓட்டுகிற போன்சு கத்தினான்.

"நான்தான்."

"மேஸ்திரியா! அடப்பாவமே, உன்ன உள்ள வச்சுப் பூசிட்டானுங்களே! எவன்யா கட்டுனது?"

"தெரியல. முதுகுவலி. மாத்திரையப் போட்டுட்டுப் படுத்தவன்தான்."

"மாத்திரையா, மயக்க ஊசியா? லாரி லாரியா கல்லு இறங்கியிருக்கும். மம்பட்டி சத்தம் கேட்டிருக்கும். உனக்கு ஒண்ணுமே கேக்கலயா?"

அகோல்கோ வாயைத் திறப்பதற்குள் அதிபோகா சொன்னாள். "விடுப்பா. மனுசனுக்கு நெசமாவே முடியல. நான் கிளம்புறப்பவே முனகிட்டுத்தான் கிடந்தாரு."

பிறகு எல்லோரும் சதுப்பு நிலத்தைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். அங்கே ஓடைமேல் பலகைகள் போட்டிருக்கும், ஒற்றை ஆள் நடக்கலாம். போன் வெளிச்சத்தில் கிழவர்களைக் கைபிடித்து, தூங்கும் பிள்ளைகளை முதுகில் கட்டி, லமிசியின் பெரிய சட்டிகளை ஆள் மாற்றி ஆள் தூக்கி, தங்கள் வீட்டுக்குத் தாங்களே திருடர்கள் மாதிரி வந்து சேர்ந்தார்கள். சிவப்புத் துணியெல்லாம் சேறு.

அதிபோகா குளித்துவிட்டு ஷியா வெண்ணெய் டப்பாவோடு வந்து உட்கார்ந்தாள். முதுகில் தேய்த்தாள். பிறகு அவன் கையை எடுத்து வெளிச்சத்தில் விரித்தாள். ஒவ்வொரு விரலாகப் பார்த்தாள்.

"முதுகுவலிக்கு விரல் வெடிக்குமா?"

அவள் ஒவ்வொரு வெடிப்பிலும் வெண்ணெயை வைத்துத் தடவி முடித்தாள். டப்பாவை மூடினாள். அவனுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. திட்டியிருந்தால் அவன் தூங்கியிருப்பான்.

எங்கள் குமாசியின் ஓரங்களில் வீடுதான் முதலில் வரும். தெரு பின்னால் வரும், வந்தால். அசுவானோ முன்பு மரவள்ளித் தோட்டம். மண்ணுக்கு உரிமைக்காரரான ஊர்த் தலைவரின் வீட்டார் சர்வேயரைக் கூப்பிட்டுக் கல் நட்டு லேஅவுட் போட்டார்கள். அந்தப் படத்தில் எல்லா மனைக்கும் தெரு இருந்தது, தெருவுக்குத் தெரு தொடர்பு இருந்தது. மனைகள் விற்றுத் தீர்ந்தன. நகரம் நிற்கவில்லை, இன்னும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மனை தீர்ந்ததும் தெருவை விற்க ஆரம்பித்தார்கள்.

முதலில் கிழக்கு வழி. அங்கே சர்ச்சு மண்டபத்தை நீட்டியது. கர்த்தருக்கு இடம் இல்லை என்று யார் சொல்வது? தெருவே சேர்ந்து இலவசமாக வேலை செய்தது. அகோல்கோ நாள் முழுக்கக் கல் வைத்துவிட்டு, ரொட்டியும் கலரும் வாங்கிச் சாப்பிட்டு வந்தான். பிறகு தெற்கு வழி. பிள்ளைகள் லாரியில் அடிபடக் கூடாது என்று தனியார் பள்ளிக்கூடம் விளையாட்டு இடத்தைச் சுற்றி வளைத்தது. அதற்கும் அகோல்கோதான் கொத்தனார். இரண்டு தடவையும் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்: "இன்னொரு வழிதான் இருக்கே." அப்போது இருந்தது. அந்த இன்னொரு வழிதான் வடக்குச் சந்து. டயர் கடை முனையில் தார்ரோட்டில் போய் ஏறும் சந்து.

அந்த வழியையும் பக்கத்து மனையோடு சேர்த்து டுஃபோ வாங்கியிருந்தார். ஜெர்மனியில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அப்படி வந்தவர்களை எங்கள் ஊரில் போர்கா என்போம். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. கொத்து வேலைக்காரனுக்கும் நாற்காலி போடச் சொல்வார். சடங்குக்குச் சில நாள் முன்னால் அகோல்கோவையும் அப்படி உட்காரவைத்துத்தான் கேட்டார்.

"மேஸ்திரி, வெள்ளிக்கிழமை நகராட்சி ஆபீஸ் பூட்டுனா திங்கக்கிழமைதான் திறப்பான். அதுக்குள்ள கடைசி வரிக் கல்லும் ஏறிரணும். ஏறின மதில எவனும் இடிக்கமாட்டான். முடியுமா?"

"ஆபீஸ்காரன் வரமாட்டான் சார். சனம் வருமே. கடப்பாரையோட வந்து நிக்குமே."

"அதுக்குத்தான் யோசிக்கிறேன்."

அகோல்கோ அத்தோடு வாயை மூடியிருக்கலாம். முடியாது சார், அது எங்க தெரு என்று எழுந்து வந்திருக்கலாம். மழைக்காலம், வேலை இல்லாமல் கரணை துருப்பிடித்துக் கிடந்தது உண்மை. ஆனால் அது பாதிதான். பெரிய மனிதர் ஒருவர் தன்னைச் சாமர்த்தியக்காரன் என்று சொல்லிக் கேட்க வேண்டும் என்ற ஆசை மீதிப் பாதி.

"வர்ற சனிக்கிழமை வைங்க சார். பெரியவர் அட்டாகோரா சடங்கு. எங்க பக்கம் ஒரு ஈ காக்கா இருக்காது. ரெண்டு பஸ் சொல்லியாச்சு. ஞாயித்துக்கிழமை இருட்டித்தான் திரும்புவாங்க."

டுஃபோ அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு முதுகில் ஓங்கித் தட்டினார். "நீ ஆளுதான்யா!"

அந்தத் தட்டு அன்றைக்கு இனித்தது.

நகரத்தின் மறுகோடியிலிருந்து கையாட்களைக் கூட்டி வந்தான். பஸ் கிளம்பிப் போன புகை அடங்குவதற்குள் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட ஆரம்பித்தார்கள். நடுவில் இரண்டு இடத்தில் கம்பி கட்டித் தூண் நிறுத்தினான். அரைகுறையாகக் கட்ட அவனுக்கு வராது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேலே பீர் பாட்டில்களை உடைத்துக் கண்ணாடி பதித்தார்கள். இசாக்கா என்ற கையாள் சாந்துச் சட்டியோடு நின்று உள்பக்கம் பார்த்தான்.

"மேஸ்திரி, உள்ள வீடு நிறைய இருக்கே. இவங்க எப்படிப் போவாங்க?"

"சதுப்புப் பக்கம் வழி இருக்கு."

"அது வழியா?"

"சாந்தக் கொடுறா."

திங்கட்கிழமை காலையில் மதிலுக்கு முன்னால் தெரு கூடியது. போன்சுவின் பிழைப்பு உள்ளே மாட்டிக்கொண்டது. அவன் பஸ்ஸில் போகும்போது ப்ராக்யாவை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுப் போயிருந்தான். மூன்று சக்கரத்தோடு அது பலகைமேல் ஏறாது.

"இனிமே உள்ளூர் சர்வீசுதான்," என்றான். "சர்ச்சுல ஏறுனா மதில்ல இறங்கலாம். மதில்ல ஏறுனா சர்ச்சுல இறங்கலாம். எல்லாரும் வரிசையில வாங்க."

யாரோ சிரித்தார்கள். அவன் மதிலை உள்ளங்கையால் அறைந்தான். "ஆனா ஒண்ணு சொல்லணும்யா. கட்டுன நாய் வேலைக்காரன். நூல் பிடிச்ச மாதிரி நிக்குது பாரு. என்ன மேஸ்திரி, நீ சொல்லு."

"ம்," என்றான் அகோல்கோ.

மறுநாள் நகராட்சி ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். வெளிப்பக்கம் சிவப்புச் சாயத்தில் பெரிதாக, 'வேலையை நிறுத்து, அனுமதியைக் காட்டு' என்று எழுதினார்கள்.

"முடிஞ்ச வேலைய எப்படிங்க நிறுத்துறது?" உள்ளேயிருந்து ஏணிமேல் ஏறித் தலையை நீட்டி போன்சு கேட்டான்.

"அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. நாங்க எழுதுறவங்க. இடிக்கிறவங்க வேற."

"அவங்க எப்ப வருவாங்க?"

"கேஸ் போட்டீங்கன்னா வருவாங்க. உங்க பிள்ளைங்க காலத்துல வரலாம்."

தலைவர் வீட்டுக்குப் போன பெரியவர்களிடம், லேஅவுட் மாற்றப்பட்டுவிட்டது, உங்களுக்கு மேற்கே புதுத் தெரு வரும் என்றார்கள். மேற்கே சதுப்பு.

எல்லோருக்கும் கஷ்டம்தான். லமிசிக்குத்தான் அது கழுத்தில் கத்தி. அவள் வாச்சே விற்கிறவள். அரிசியும் காராமணியும் சேர்த்து விடியுமுன் வேகவைத்து, குழம்பும் மிளகுத் துவையலும் வைத்து, தள்ளுவண்டியில் ஏற்றி, டயர் கடை முனையில் கொண்டுபோய் நிறுத்துவாள். பஸ் டிரைவர்களும் கட்டட வேலைக்காரர்களும் அவள் வண்டியைச் சுற்றி நின்று சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். ரோட்டோரத்து இடத்துக்குப் பத்திரம் கிடையாது. நிற்கும்வரை நின்றவருடையது. சில நாள் நிற்கவில்லை என்றால் வேறு ஒருத்தி வந்து நிற்பாள். புருஷன் அவளை விட்டுவிட்டு வடக்கே சொந்த ஊரோடு போய்விட்டான். இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் அவளுக்கும் அந்த முனைதான் சோறு.

அவள் மதிலை நடந்து பார்த்துவிட்டு அகோல்கோவிடம் வந்தாள். இருவரும் ஒரே வடக்குச் சீமை, ஒரே பாஷை. அவனை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள்.

"அண்ணே, இதுல ஒரு வாசல் வைக்கலாமா? இடிக்கச் சொல்லல. ஒரு வாசல். என் வண்டி நுழையுற அளவு."

"வைக்கலாம்."

"மதிலு விழுந்துராதுல்ல?"

"மேல லிண்டல் கொடுத்தா விழாது."

"அப்ப நீ என்கூட வந்து அந்த போர்காகிட்ட அதச் சொல்லு. கதவ வேணா அவரே போட்டுப் பூட்டிக்கட்டும். காலையில ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை திறந்தாப் போதும். நான் போய்ச் சொன்னா, பொம்பளைக்கு என்ன தெரியும்பாரு. நீ கொத்தனாரு. உன் பேச்சு நிக்கும்."

"பாப்போம் லமிசி. நாளைக்கு."

அவளோடு போய் நின்றால் டுஃபோ என்ன சொல்வார் என்று அவனுக்குத் தெரியும். 'வா மேஸ்திரி' என்பார். அந்த ஒரு வார்த்தை போதும். மறுநாளும் அவள் கேட்டாள். அவன் தோள் வலிக்கிறது என்றான். அதற்கடுத்த நாள் அவள் வருவதைப் பார்த்துக் கக்கூசுக்குள் போய் நின்றுகொண்டான். நாற்பது வயசு ஆண்பிள்ளை, தகரக் கதவு இடுக்கு வழியே அவள் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றான்.

அதற்குள் லமிசி வேறு ஏற்பாடு செய்துகொண்டாள். வண்டியை விட்டுவிட்டாள். இரண்டு சுமைக்காரப் பெண்களை வைத்துச் சோற்றுச் சட்டியைத் தூக்கச் சொல்லி, கொதிக்கும் குழம்பைத் தன் தலையில் வைத்துக்கொண்டு பலகைமேல் நடந்தாள். தாமதமாகத்தான் முனைக்குப் போக முடிந்தது. பாதிப் பேர் வேறு எங்கேயோ சாப்பிட்டிருந்தார்கள்.

அகோல்கோ தனியாக டுஃபோவைப் பார்க்கப் போனான். அவர் பாதி கட்டின வீட்டு நிழலில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அவனுக்கும் ஒரு கை அள்ளிக் கொடுத்தார்.

"வாசலா? இன்னைக்கு வாசல் வைப்ப. நாளைக்கு அதுல ப்ராக்யா போகும். நாளான்னைக்கு மண் லாரி போகும். அப்புறம் ரோடுன்னு பேரு வச்சுருவாங்க. என் பாதி மனை போச்சு."

"ஒரு பொம்பள வண்டி போறதுக்குத்தான் சார். பாவம்."

"மேஸ்திரி, இந்த இடத்த எனக்கு முன்னால இன்னொருத்தனுக்கு வித்திருக்காங்க தெரியுமா? மதில் இல்லாத மனையில எவன் வேணா காலத் தூக்குவான். ஹாம்பர்க் கிடங்குல மூட்டை தூக்கி, ரெண்டு முட்டியும் தேஞ்சு வாங்குன மண்ணுய்யா இது. நான் யார்கிட்ட போய் அழுறது?"

அகோல்கோ கடலையை மெல்லாமல் கையில் வைத்திருந்தான்.

"அந்தம்மா பாவந்தான்," என்றார் டுஃபோ. "ஆனா எந்தச் சனிக்கிழமைன்னு நானா சொன்னேன்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மிரட்டல் இல்லை, கூட்டாளியிடம் பேசுகிற குரல். அகோல்கோ கடலையை அவர் வாசலிலேயே போட்டுவிட்டு வந்தான்.

இரண்டு நாள் மழை பெய்தது. விட்ட காலையில் சதுப்புப் பக்கமிருந்து அலறல் கேட்டது. நடுப்பலகை ஒடிந்திருந்தது. சோற்றுச் சட்டிக்காரப் பெண்கள் முன்னால் கடந்துவிட்டார்கள். லமிசி பலகையோடு ஓடையில் விழுந்தாள். தலையிலிருந்த குழம்பு எண்ணெயும் கொதியுமாக அவள் வலது தொடையிலிருந்து பாதம் வரை கொட்டியிருந்தது. அவளை இந்தக் கரைக்குத்தான் இழுக்க முடிந்தது. அந்தக் கரைக்குப் போகப் பலகை இல்லை.

போன்சு ப்ராக்யாவைக் கொண்டுவந்தான். அவளைத் தூக்கிப் பின்னால் கிடத்தினார்கள். பழக்கத்தில் சந்துக்குத் திருப்பி முறுக்கிக்கொண்டு போனான். முன்சக்கரம் மதிலில் போய் முட்டி நின்றது. மதிலுக்கு அந்தப் பக்கம் டாக்ஸி ஹாரன் கேட்டது. பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிறவன் ஆஸ்பத்திரிப் பக்கம் போகிற பஸ்ஸின் பேரைத்தான் கத்திக்கொண்டிருந்தான்.

"சம்மட்டி எடுங்கடா! இடிங்கடா இத!" போன்சு கத்தினான்.

கூட்டம் அகோல்கோவைப் பார்த்தது. அவன்தான் கொத்தனார்.

"நேரமாகும்," என்றான். "உள்ள கம்பி இருக்கு. ஏணி கொண்டாங்க, மேலாகத் தாண்டிக் கொடுத்துரலாம்."

ஏணியில் ஏறினான். உச்சியில் கண்ணாடி. சாந்து கெட்டியாகப் பிடித்திருந்தது. சுத்தியலால் அடித்தால் மேல் முனை தெறித்தது, வேர் நின்றது. அதையும் அடித்தான். சில்லு கையில் ஏறியது, அதோடு அடித்தான். சாக்குகளை மடித்துப் போட்டு அதன்மேல் கால் போட்டு உட்கார்ந்தான். சாக்கையும் மீறித் தொடையில் குத்தியது. வெளியே டயர் கடை ஆட்கள் டிரம்மை உருட்டி வந்து ஏறி நின்றார்கள்.

"மெதுவா... மெதுவா... காலத் தொடாத!"

லமிசி மேல்துணியின் முனையை வாயில் திணித்துக் கடித்திருந்தாள். அவளைச் சாரப் பலகையில் கட்டிக் கீழிருந்து தூக்கினார்கள். அவள் பாரம் முழுவதும் அவனுடைய வலித்த தோளுக்கு வந்தது. தோல் உரிந்து தொங்கிய காலை அவன் அருகில் பார்த்தான். அவள் கண்ணைத் திறந்தாள். துணியைத் துப்பிவிட்டு அவர்கள் பாஷையில் சொன்னாள்:

"அண்ணே, விட்டுராத."

விடவில்லை. அந்தப் பக்கத்துக் கைகளில் கொடுத்தான். டாக்ஸி போனது. இறங்கி வந்தபோது அவன் காற்சட்டை ரத்தத்தில் ஒட்டியிருந்தது. பெண்கள் தண்ணீர் கொண்டுவந்தார்கள். போன்சு அவன் தோளைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: "கை கிழியக் கிழியக் கண்ணாடிய நொறுக்குனான்யா மனுசன்! தெருவுக்கு ஒருத்தன் இப்படி வேணும்." கூட்டத்தின் ஓரத்தில் நின்ற அதிபோகா தரையைப் பார்த்தாள்.

லமிசி ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் சோளக் கதிர் முற்றிவிட்டது. வாலிபர்கள் புதுப் பலகை போட்டிருந்தார்கள். அவளை முதுகில் சுமந்து கொண்டுவந்தார்கள். பிழைத்துவிட்டாள். தொடையும் முழங்காலும் ஆறும்போது தோல் சுருங்கி இழுத்துக்கொண்டது. காலை முழுக்க நீட்ட முடியாது, மடக்கி உட்காரவும் முடியாது. டயர் கடை முனையில் இப்போது வேறு ஒருத்தி நின்று வாச்சே விற்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. காலியாகக் கிடந்த இடத்தில் நின்றாள்.

அகோல்கோ ஒரு சாயங்காலம் லமிசியைப் பார்க்கப் போனான். அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் காலை ஒரு கவிழ்த்த வாளிமேல் போட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் தண்ணீருக்குப் போயிருந்தார்கள். அவள் வண்டி சுவரோரம் கவிழ்ந்து கிடந்தது.

"உக்காருண்ணே."

அவன் உட்காரவில்லை.

"லமிசி, அந்த மதில..."

"நீ கட்டுனது."

அவன் அவளையே பார்த்தான்.

"உள்ள கம்பி இருக்குன்னு சொன்னியே அன்னைக்கு. பூசின சுவத்துக்குள்ள கம்பி இருக்குறது கட்டுனவனுக்குத்தான தெரியும்? காலுதான் வெந்துச்சு. காது நல்லாத்தான் இருந்துச்சு." கத்தியை நிறுத்தாமல் சொன்னாள். "கூலிக்குக் கட்டுன. கட்டலேன்னா இன்னொருத்தன் கட்டியிருப்பான். அப்படித்தான் நானும் நெனச்சு நெனச்சு மனச ஆத்திக்கிட்டேன்."

அவள் அதோடு விட்டிருந்தாள். அவனும் விட்டிருக்கலாம். அவளே ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தாள், தலையைக் குனிந்து நுழைந்து வெளியே போயிருக்கலாம்.

"எந்தச் சனிக்கிழமைன்னு நான்தான் சொன்னேன். அவரு கேக்கல. நானாத்தான் சொன்னேன். எல்லாரும் சாவுக்குப் போயிருப்பாங்க, அப்ப கட்டலாம்னு."

கத்தி நின்றது.

தெருவில் ஒரு ஆடு குரல் கொடுத்துக்கொண்டு போனது.

"நான் அங்க அடுப்ப ஊதிக்கிட்டிருந்தேன்," என்றாள் கடைசியில். "முதுகுவலிக்காரன் பட்டினியாக் கிடப்பானேன்னு உனக்குன்னு ஒரு சட்டியில தனியா எடுத்து வச்சு, அதிபோகாகிட்ட கொடுத்தேன். தின்னியா?"

"தின்னேன்."

அவள் காறித் துப்புவாள் என்று எதிர்பார்த்தான். வெங்காயத் தட்டை மூஞ்சியில் விட்டெறிவாள் என்று எதிர்பார்த்தான். எறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் ஒரு வெங்காயத்தை எடுத்து மறுபடியும் உரிக்க ஆரம்பித்தாள்.

"போன்சுகிட்ட சொல்லப் போறியா?"

"சொல்லணும். எல்லார்கிட்டயும் சொல்லணும்."

"சொல்லாத."

"லமிசி..."

"சொன்னா உனக்கு பாரம் இறங்கிரும். அவனுங்க நாலு சாத்து சாத்துவானுங்க. நீ மூட்டையக் கட்டிக்கிட்டு வேற ஊருக்குப் போயிருவ. அப்புறம் எனக்கு வாசல் யாரு வைக்கிறது?"

"அவரு விடமாட்டாரு. நான் போய்க் கேட்டேன். நெசமாவே கேட்டேன்."

"அது உன் பாடு. நான் அவர்கிட்ட கேக்கல. அவரு யாரோ. உன்கிட்ட கேக்குறேன்." சுருங்கிய காலைக் கையால் தூக்கி வாளிமேல் சரியாக வைத்துக்கொண்டாள். "கால் கொடுன்னு கேக்கல. அந்த முனையக் கொடுன்னும் கேக்கல. அதெல்லாம் உன்னால ஆகாது. வாசல் உன்னால ஆகும்."

பிள்ளைகள் தண்ணீர்க் குடங்களோடு வந்தார்கள். மூத்தவள் அவனைப் பார்த்து முழங்காலை மடக்கி வணக்கம் சொன்னாள். அம்மாவை மதிலுக்கு மேலே தூக்கிக் கொடுத்த மாமா அல்லவா.

அதற்குப் பிறகு அவன் டுஃபோவிடம் மூன்று தடவை போயிருக்கிறான். இரண்டு தடவை நாற்காலி போட்டார்கள். மூன்றாம் தடவை அவர் வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னார். உள்ளே இருமல் கேட்டது. தெருக்காரர்கள் சேர்ந்து கேஸ் போட்டிருக்கிறார்கள், அது நடக்கிறது. போன்சு ப்ராக்யாவைப் பிரித்து, பாகம் பாகமாக மதிலுக்கு மேலே கொடுத்து, வெளியே வைத்துப் பூட்டிக்கொண்டான். சந்தில் எதிர்ப்பட்டால் இன்னும் 'வீரா' என்றுதான் அகோல்கோவைக் கூப்பிடுகிறான். அகோல்கோ நிற்காமல் போய்விடுகிறான்.

மதில் நிற்கிறது. லமிசிக்கு அதில் ஒரு வாசல் பாக்கி, அவள் வண்டி நுழையும் அகலத்துக்கு. அகோல்கோ அதை இன்னும் கொடுக்கவில்லை.